கம்ப்யூட்டர் கேள்வி பதில்: மெயில் வரும் வாசலும் போகும் வாசலும்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது பாதிக்குமேல் ஒரே புலம்பல். "என்னிடம் இரண்டு மெயில் இருக்கிறது, மூன்று இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வழி சொல்லுங்கள்." ஆகவே பிரிண்டர், வைரஸ், சூடாகும் லேப்டாப் எல்லாம் அடுத்த மாதத்துக்கு. கும்பகோணத்தில் 2001ல் நாலு கம்ப்யூட்டரைப் போட்டு பிரவுசிங் சென்டர் தொடங்கியவன் நான். அப்போது வரிசையில் நின்று மெயில் பார்த்தவர்களின் பிள்ளைகள்தான் இப்போது கடைக்கும் வீட்டுக்கும் தனித்தனி மெயில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறார்கள்.

கேள்வி: சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறை எங்களுடையது. அப்பா காலத்து யாகூ மெயில் ஒன்று. பழைய வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் எல்லாரும் அதில்தான் எழுதுகிறார்கள். என் ஜிமெயில் ஒன்று. தம்பி வெப்சைட் தொடங்கியபோது அதோடு வந்த கம்பெனி மெயில் ஒன்று. ஒன்றிலிருந்து வெளியே வந்து இன்னொன்றில் நுழைவதே வேலையாக இருக்கிறது. யாகூ ஓடிபி அப்பா போனுக்குப் போகிறது. அவர் மெழுகுக்கு வண்டல் பூசிக்கொண்டிருக்கும் கையோடு போனை எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரே இடத்தில் மூன்றையும் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். உங்கள் அப்பா கை கழுவ வேண்டியது இன்னும் ஒரே ஒரு தடவைதான்.

தண்டர்பேர்ட் என்று ஒரு புரோகிராம். ஃபயர்பாக்ஸைத் தந்த மொசில்லாவிடமிருந்து 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வந்தது. இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வேறு புரோகிராம்களும் இருக்கின்றன. நான் கடைகளுக்குப் போட்டுத் தருவது இதைத்தான் என்பதால் இதை வைத்தே சொல்கிறேன்.

இறக்குவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். மூன்று முகவரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நாலு விஷயம் குறியுங்கள்: பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும், ஓடிபி யார் போனுக்குப் போகும், மெயில் வந்து சேரும் சர்வர் எது, மெயிலை வெளியே அனுப்பும் சர்வர் எது. கடைசி இரண்டும் ஜிமெயிலுக்கும் யாகூவுக்கும் தண்டர்பேர்டுக்கே தெரியும், காலியாக விடலாம். கம்பெனி மெயிலுக்கு மட்டும் வெப்சைட் போட்டுக் கொடுத்தவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் பாதி வேலையில் எனக்குப் போன் செய்திருக்கிறார்கள்.

முதலில் கம்பெனி மெயிலைச் சேருங்கள். காரணம் பின்னால் சொல்கிறேன். பெயர், முகவரி, பாஸ்வேர்ட் கொடுத்தால் தண்டர்பேர்ட் தானே தேடிப் பார்க்கும். சில சமயம் கண்டுபிடிக்கும், சில சமயம் கையை விரிக்கும். கையை விரித்தால் 'மேனுவல்' என்பதை அழுத்தித் தாளில் உள்ளதை நிரப்ப வேண்டும். வரும் பக்கம் ஐமேப் (மெயிலை சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை, விவரம் பின்னால்), போர்ட் என்ற வாசல் எண் 993, பாதுகாப்பு எஸ்எஸ்எல். போகும் பக்கம் எஸ்எம்டிபி (மெயிலை அனுப்பும் முறை), போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். எண்ணை ஒன்றும் பாதுகாப்பை வேறொன்றுமாக மாற்றிப் போட்டால் அது சுற்றிக்கொண்டே இருக்கும், தப்பு என்றும் சொல்லாது. யூசர்நேம் என்ற இடத்தில் முகவரியின் முன்பாதியை மட்டும் அது தானாகப் போட்டு வைத்திருக்கலாம். பெரும்பாலான வெப்சைட் மெயில்களுக்கு முழு முகவரியும் வேண்டும். பாஸ்வேர்ட் தப்பு என்று அது பிடிவாதம் பிடித்தால் பத்தில் எட்டு தடவை இதுதான் காரணம் என்பது என் அனுபவம்.

சர்ட்டிஃபிகேட் (சர்வரின் அடையாள அட்டை) சரியில்லை, பரவாயில்லையா என்று கேட்டு ஒரு மஞ்சள் எச்சரிக்கை வந்தால் அவசரப்பட்டு 'சரி' கொடுக்காதீர்கள். அநேகமாக உங்கள் வெப்சைட் பெயரில் சர்வரைத் தேடுகிறீர்கள், சர்ட்டிஃபிகேட்டோ ஹோஸ்டிங் கம்பெனியின் பெயரில் இருக்கிறது. சரியான சர்வர் பெயரை அவர்களிடம் கேட்டுப் போட்டால் எச்சரிக்கை போய்விடும்.

அப்புறம் ஜிமெயிலும் யாகூவும். இவற்றுக்குத் தண்டர்பேர்டில் பாஸ்வேர்டை நிரந்தரமாகக் கொடுத்து வைக்க வேண்டியதில்லை. அவரவர் லாகின் பக்கமே ஒரு சின்ன ஜன்னலாகத் திறக்கும். அதில் நுழைந்து, ஓடிபி கொடுத்து, அனுமதி என்று அழுத்தினால் முடிந்தது. நீங்கள் பாஸ்வேர்டை மாற்றும்வரையோ அனுமதியைத் திரும்பப் பெறும்வரையோ பொதுவாக மறுபடி கேட்காது. அப்பா வண்டலைப் பூசலாம்.

இப்போது போகும் வாசல். வரும் மெயிலை எல்லாரும் பார்க்கிறோம், வந்துவிட்டதா என்று சோதிக்கிறோம். போகும் மெயில் எந்த வழியாகப் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்காமல் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். பித்தளைப் பாத்திரக் கடை ஒன்றுக்கு மெயில் அமைத்துக் கொடுத்தேன். அந்தக் கம்ப்யூட்டரில் முதலாளி மகனின் ஜிமெயில் முன்பே இருந்தது. கடை மெயிலைச் சேர்த்தேன், வரும் சர்வரைக் கவனமாக அடித்தேன். போகும் சர்வருக்குப் பட்டியலைத் திறந்தால் ஒன்றே ஒன்று இருந்தது, அதையே தேர்ந்தெடுத்துவிட்டேன். சோதனை மெயில் போயிற்று, வந்தது. காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். நாலு நாள் கழித்து, குத்துவிளக்குக்கு விலைப்புள்ளி கேட்டிருந்த கோயில் கமிட்டியிலிருந்து முதலாளிக்குப் போன். "உங்கள் கடைக்கு எழுதினால் அடங்காத சிங்கம் என்று யாரோ பதில் போடுகிறாரே, யார் அது?" பையன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எடுத்த முகவரி அது.

நடந்தது இதுதான். கூகுளின் சர்வர் வழியாக வேறு முகவரி போட்டு அனுப்பினால், அந்த முகவரியை ஜிமெயிலுக்குள் போய் முன்கூட்டியே நிரூபித்திருந்தால் ஒழிய, அனுப்புநர் இடத்தில் நீங்கள் போட்டதை எடுத்துவிட்டு ஜிமெயில் முகவரியையே கூகுள் எழுதிவிடும். வேறு சில சர்வர்கள் மாற்றாமல் அப்படியே அனுப்பும். பெறுகிற பக்கம் "இந்த முகவரிக்கும் இந்த சர்வருக்கும் சம்பந்தமில்லையே" என்று ஸ்பாமில் தள்ளிவிடும். இரண்டாவதுதான் மோசம். சிங்கமாவது போய்ச் சேர்ந்தது.

ஆகவே மூன்றையும் சேர்த்து முடித்ததும் அக்கவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து, இடது பக்கம் ஒவ்வொரு முகவரியின் பெயர் மேலும் அழுத்துங்கள். வலப்பக்கத்தில் அடியில் 'அவுட்கோயிங் சர்வர்' என்று ஒரு வரி இருக்கும். யாகூவுக்கு நேராக யாகூ, ஜிமெயிலுக்கு ஜிமெயில், கம்பெனிக்குக் கம்பெனி. அவ்வளவுதான். பிறகு வெளியூர் நண்பர் ஒருவருக்கு மூன்றிலிருந்தும் ஒவ்வொரு மெயில் அனுப்பி, அனுப்புநர் முகவரி என்ன தெரிகிறது, இன்பாக்ஸில் விழுந்ததா ஸ்பாமிலா என்று கேளுங்கள். உங்களுக்கே அனுப்பிப் பார்ப்பது சோதனை ஆகாது.

கம்பெனி மெயிலை முதலில் சேர்க்கச் சொன்ன காரணம்: முதலில் சேர்ப்பதே இயல்பான கணக்காக உட்கார்ந்துகொள்ளும். வந்த மெயிலுக்குப் பதில் எழுதினால், அது எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே பதில் போகும். புது மெயில் எழுதும்போதுதான் குழப்பம். அப்போது எந்தக் கணக்கின் ஃபோல்டரில் நிற்கிறீர்களோ அதை எடுக்கும், பொதுவான இடத்தில் நின்றால் இயல்பான கணக்கை எடுக்கும். எழுதும் ஜன்னலில் மேலே 'ஃப்ரம்' என்ற வரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்பும் பழக்கம் வேண்டும். 128ஆம் பதிப்பிலிருந்து கணக்குக்கு ஒரு நிறம் கொடுக்கலாம். யாகூவுக்கு ஊதா, கம்பெனிக்குப் பச்சை என்று வைத்தால் கண் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

மூன்று இன்பாக்ஸையும் ஒன்றாகக் காட்டு என்றால் அதற்கும் 'யூனிஃபைட் ஃபோல்டர்ஸ்' என்று வழி உண்டு. ஃபோல்டர் பட்டியலின் மேலே மூன்று புள்ளியை அழுத்தி ஃபோல்டர் மோட்ஸ் போனால் கிடைக்கும். மெயில்கள் கலந்துவிடாது, பார்வைக்கு மட்டும் ஒன்றாகத் தெரியும். நீங்கள் ஒருவரே பார்ப்பதென்றால் வசதி. அண்ணன் தம்பி இருவரும் ஒரே கம்ப்யூட்டரில் உட்காருவதென்றால் வேண்டாம். யார் படித்தது, யார் பதில் போட்டது என்று சண்டை வரும்.

கேள்வி: திருபுவனத்தில் பட்டுப்புடவைக் கடை. ஆர்டருக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, விசாரணைக்கு ஒன்று என்று மூன்று முகவரி கார்டில் அடித்திருக்கிறோம். மூன்றும் ஒரே பெட்டியில்தான் வந்து விழுகின்றன. தண்டர்பேர்டில் மூன்று கணக்கு போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். போட்டால் ஒரே மெயில் மூன்று தடவை தெரியும். ஒரு கணக்கு போதும். அந்தக் கணக்கின் பக்கத்தில் 'மேனேஜ் ஐடென்டிட்டீஸ்' என்று பட்டன் இருக்கும், அதில் மற்ற இரண்டு முகவரியைச் சேருங்கள். எழுதும்போது 'ஃப்ரம்' பட்டியலில் மூன்றும் வரும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கையெழுத்து வைக்கலாம், கணக்கு முகவரிக்கு மட்டும் ஜிஎஸ்டி எண் வருகிற மாதிரி.

கேள்வி: மன்னார்குடி. ஓய்வு பெற்ற ஆசிரியர். கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த பையன் என் ஜிமெயிலை 'பாப்' முறையில் வைத்துவிட்டுப் போனான். இப்போது கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கிறது, போனில் பழைய கடிதங்கள் இல்லை. மகள் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய படங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. பாப் என்றால் என்ன, ஐமேப் என்றால் என்ன, சார்?

பதில்: உங்கள் ஊர்ப்பக்கம் வீட்டில் குதிர் இருந்த காலம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். களத்து நெல்லை வண்டியில் ஏற்றி வீட்டுக் குதிரில் கொட்டிவிட்டால் அது பாப். நெல் உங்கள் வீட்டில். களத்தில் போய்ப் பார்த்தால் தரை. நெல்லைக் கிடங்கிலேயே வைத்துவிட்டு, வேண்டும்போது போய்ப் பார்த்து, அளந்து, அடுக்கிவிட்டு வந்தால் அது ஐமேப். வீட்டிலிருந்து போனாலும், வயலிலிருந்து போனாலும் அதே மூட்டைகள்தான். 1980களில் இரண்டும் பிறந்தபோது ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தாலே பெரிது. அதற்குப் பாப் போதுமாக இருந்தது. இன்று போன், கம்ப்யூட்டர், மகள் வீட்டு டேப் என்று மூன்று இடத்தில் பார்க்கிறவருக்கு ஐமேப்தான் சரி.

பயப்பட வேண்டாம், படங்கள் போகவில்லை. முதலில் போனில் ஜிமெயிலைத் திறந்து 'ஆல் மெயில்' பாருங்கள். பாப் முறையில் எடுத்த பிறகு தன்னிடம் உள்ள பிரதியை என்ன செய்வது என்று ஜிமெயிலில் ஒரு செட்டிங் உண்டு. 'ஆர்க்கைவ்' என்று வைத்திருந்தால் இன்பாக்ஸிலிருந்து மட்டும் மறைந்து ஆல் மெயிலில் இருக்கும். 'டெலீட்' என்று வைத்திருந்தால் டிராஷுக்குப் போய் 30 நாளில் காணாமல் போயிருக்கும். அப்படியே போயிருந்தாலும் கம்ப்யூட்டரில் உள்ளதை மேலே ஏற்றிவிடலாம்.

பாப் கணக்கைத் தொடாதீர்கள். அழிக்கவே அழிக்காதீர்கள். அதே ஜிமெயிலை ஐமேப் முறையில் இரண்டாவது கணக்காகச் சேருங்கள். சேர்ந்ததும் அதன் கீழ் 'பழையவை' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, பாப் இன்பாக்ஸிலிருந்து ஒரு நூறு நூற்றைம்பது கடிதமாகத் தேர்ந்தெடுத்து வலது பட்டனை அழுத்தி 'காப்பி டு' கொடுங்கள். 'மூவ்' வேண்டாம். ஒரேயடியாக ஐயாயிரத்தையும் இழுத்துப் போட்டால் நடுவில் நின்றுவிடும், எது போயிற்று எது போகவில்லை என்று தெரியாது. சாப்பாட்டுக்குப் பிறகு தினம் அரை மணி நேரம் செய்தால் ஒரு வாரத்தில் முடியும். ஜிமெயிலில் இலவச இடம் 15 ஜிபி, அதில் டிரைவும் போட்டோஸும் பங்கு கேட்கும் என்பதையும் மனதில் வையுங்கள். போனில் எல்லாம் தெரிகிறது என்று நன்றாகப் பார்த்த பிறகு பாப் கணக்கு புது மெயில் எடுப்பதை நிறுத்துங்கள்.

இனிமேல் ஒரு எச்சரிக்கை. ஐமேப்பில் கம்ப்யூட்டரில் அழித்தால் போனிலும் அழியும். கிடங்கு ஒன்றுதானே. "இது கம்ப்யூட்டரில்தானே, போனில் இருக்கும்" என்று சுத்தம் செய்யப் போய்விடாதீர்கள்.

கேள்வி: நான் அனுப்பும் ஒவ்வொரு மெயிலும் 'சென்ட்' ஃபோல்டரில் இரண்டு இரண்டாக நிற்கிறது. — வலங்கைமான்

பதில்: ஜிமெயில்தானே? அனுப்பியதன் பிரதியை ஜிமெயில் தானே வைத்துக்கொள்ளும். தண்டர்பேர்டும் ஒன்று வைக்கிறது. அக்கவுண்ட் செட்டிங்ஸில் 'காப்பீஸ் அண்டு ஃபோல்டர்ஸ்' போய் 'பிளேஸ் எ காப்பி இன்' டிக்கை எடுத்துவிடுங்கள். ஜிமெயிலுக்கு மட்டும் எடுங்கள், மற்ற கணக்குகளுக்கு அந்த டிக் வேண்டும். ஹார்ட் டிஸ்க்கும் சீக்கிரம் நிரம்புகிறது என்றால், ஜிமெயிலின் லேபிள் செட்டிங்ஸில் 'ஆல் மெயில்' பக்கத்தில் உள்ள 'ஷோ இன் ஐமேப்' டிக்கையும் எடுங்கள். இல்லாவிட்டால் அதே கடிதங்கள் இன்னொரு ஃபோல்டராகவும் இறங்கும்.

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி ஜிமெயிலைத் தண்டர்பேர்டில் போட்டு வருஷக்கணக்காக ஓடியது. கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்த பிறகு பாஸ்வேர்ட் சரியாகக் கொடுத்தும் தப்பு என்கிறது. அதே பாஸ்வேர்டில் பிரவுசரில் திறக்கிறது. விண்டோஸ் 7.

பதில்: உங்கள் பாஸ்வேர்ட் சரி. முறைதான் காலாவதி. வெளிப் புரோகிராம்களில் வெறும் பாஸ்வேர்டை அடித்து நுழைவதை கூகுள் 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளுக்கு நிறுத்திக்கொண்டது. மைக்ரோசாஃப்டின் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு 2024 செப்டம்பர் 16 முதல் அதே கதை. இப்போது தண்டர்பேர்டில் அந்தக் கணக்கின் 'சர்வர் செட்டிங்ஸ்' போய் 'ஆதென்டிகேஷன் மெத்தட்' என்ற இடத்தில் 'ஓஆத்2' (கூகுளின் லாகின் பக்கத்திலேயே நுழைந்து அனுமதி கொடுக்கும் முறை) என்று மாற்றுங்கள். போகும் சர்வருக்கும் தனியாக அதே மாற்றம் செய்ய வேண்டும். பாதிப் பேர் இதை மறந்துவிட்டு, மெயில் வருகிறது போகமாட்டேன் என்கிறது என்று எழுதுகிறார்கள். லாகின் ஜன்னல் வெள்ளையாக நின்றால், தண்டர்பேர்ட் செட்டிங்ஸில் குக்கீ அனுமதி நிறுத்தப்பட்டிருக்கிறதா பாருங்கள்.

நுழையும்போது முதலாளி போனில் "நீங்கள்தானா?" என்று கேட்கும். அவர் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு நிற்கிற நேரமாகப் பார்த்துச் செய்யாதீர்கள். பயந்து 'இல்லை' என்று அழுத்திவிடுவார், மறுபடி முதலிலிருந்து.

விண்டோஸ் 7ல் ஓடக்கூடிய கடைசித் தண்டர்பேர்ட் 115ஆம் பதிப்பு. ஓஆத்2 அதிலும் உண்டு, ஆகவே இன்றைய வேலை நடக்கும். ஆனால் கோடிக்கணக்கில் பணம் புரளும் ஆலையின் மெயிலை அப்டேட் நின்றுபோன கம்ப்யூட்டரில் வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. முதலாளியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: விண்டோஸோடு வந்த 'மெயில்' ஆப் திடீரென்று வேலை செய்யவில்லை. என் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதா? — திருவாரூர்

பதில்: இல்லை. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31 உடன் முடித்துக்கொண்டது. பதிலுக்கு வருவது புதிய அவுட்லுக். அதில் ஜிமெயில், யாகூ கணக்கைச் சேர்த்தால் மெயில்களின் பிரதி மைக்ரோசாஃப்டின் கிளவுடுக்கும் போகும். சேர்க்கும்போது அதைச் சொல்லி அனுமதி கேட்கிறது, நாம்தான் படிக்காமல் அழுத்துகிறோம். உங்களுக்கு அது பரவாயில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி: வேதாரண்யம். 2018ல் கஜா புயலில் ஓடு பறந்து, கம்ப்யூட்டரில் தண்ணீர் இறங்கி, பாப்பில் எடுத்து வைத்திருந்த பதினோரு வருஷ மெயில் போய்விட்டது. இப்போது தண்டர்பேர்டில் நாலு கணக்கு வைத்திருக்கிறேன். முழுசாக பேக்கப் எடுப்பது எப்படி?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த நவம்பரில் உங்கள் பக்கமெல்லாம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தது ஞாபகம் வந்தது.

தண்டர்பேர்டில் உள்ள எல்லாமே, கணக்குகள், பாஸ்வேர்ட், ஃபில்டர், முகவரிப் புத்தகம், இறக்கி வைத்த மெயில் வரை, 'புரொஃபைல்' என்ற ஒரே ஃபோல்டருக்குள் இருக்கின்றன. அதைக் காப்பாற்றினால் எல்லாம் தப்பித்தது. மெனுவில் ஹெல்ப், டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போங்கள். 'புரொஃபைல் ஃபோல்டர்' என்ற வரிக்கு எதிரே 'ஓப்பன் ஃபோல்டர்' பட்டன் இருக்கும். அழுத்தினால் ஃபோல்டர் திறக்கும். பெயர் விசித்திரமாக, எட்டு எழுத்து எண்களைக் கலந்து போட்ட மாதிரி தொடங்கும், அதுதான். இப்போது தண்டர்பேர்டை மூடுங்கள். மூடாமல் காப்பி எடுத்தால் பாதி எழுதிய நிலையில் ஃபைல் வரும். ஒரு படி மேலே போய், முழு ஃபோல்டரையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். டூல்ஸ் மெனுவில் 'எக்ஸ்போர்ட்' என்றும் ஒன்று உண்டு, அழகாக ஜிப் செய்து கொடுக்கும். ஆனால் 2 ஜிபி வரைதான். நாலு கணக்குக்குப் போதாது.

ஐமேப் கணக்குகளுக்கு இன்னொன்று. 'சிங்க்ரனைசேஷன் அண்டு ஸ்டோரேஜ்' பக்கத்தில் 'இந்தக் கம்ப்யூட்டரில் வைத்திரு' என்ற பொருளில் உள்ள டிக் இருந்தால்தான் மெயில் முழுதாக இறங்கியிருக்கும். இல்லாவிட்டால் தலைப்பு மட்டும்தான், பேக்கப்பிலும் தலைப்பு மட்டும்தான்.

அந்தப் புரொஃபைலில் பாஸ்வேர்டுகளும் இருப்பதால் செட்டிங்ஸில் 'பிரைமரி பாஸ்வேர்ட்' போட்டுவிட்டு எடுங்கள். டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் மேசை டிராயரில் வைக்காதீர்கள். பட்டுக்கோட்டையில் சொந்தக்காரர் இருக்கிறார் என்று நினைப்பீர்கள். கஜா அந்த ஊரையும் விடவில்லை. திருச்சிப் பக்கம் யாராவது இருந்தால் அங்கே.

கேள்வி: தண்டர்பேர்டில் சேர்த்த ஐந்து கணக்கையும் போனில் மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டுமா? — நாகப்பட்டினம்

பதில்: ஆண்ட்ராய்டுக்கும் தண்டர்பேர்ட் 2024 அக்டோபரில் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் டூல்ஸ் மெனுவில் 'எக்ஸ்போர்ட் ஃபார் மொபைல்' என்றால் கியூஆர் கட்டம் வரும், போனால் ஸ்கேன் செய்தால் கணக்குகள் போய்விடும். ஜிமெயில் மாதிரியானவற்றுக்குப் போனில் ஒரு தடவை லாகின் செய்ய வேண்டும். அந்தக் கட்டத்தைப் போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

கேள்வி: மயிலாடுதுறை. 2002ல் கனடா நண்பர் தமிழில் எழுதிய மெயில்கள் யாகூவில் இன்னும் இருக்கின்றன. தண்டர்பேர்டில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இந்த மாதத்தில் எனக்குப் பிடித்த கேள்வி. அந்தப் பூச்சிகள் தமிழ்தான், வேறு சட்டை போட்டிருக்கிறது. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோட் பரவுவதற்கு முன்னால் ஆங்கில எழுத்துகளுக்கு மேல் மிச்சமிருந்த இடங்களில் தமிழை உட்கார வைத்து ஆளுக்கொரு முறை வைத்திருந்தோம். திஸ்கி, டாப், டாம், அதற்கு வெளியே ஒவ்வொரு ஃபான்ட் கம்பெனிக்கும் ஒன்று. வெளிநாட்டுத் தமிழர்கள் மெயில் எழுதியது பெரும்பாலும் திஸ்கியில். என் சென்டரில் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பதினெட்டு தமிழ் ஃபான்ட் போட்டு வைத்திருந்தேன். யாருக்காவது மெயில் வந்தால், எந்த ஃபான்டில் படிக்க முடிகிறது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதே ஒரு வேலை. ஒரு அம்மாள், துபாயில் இருந்த மகன் எழுதிய கடிதம் ஏழாவது ஃபான்டில் தமிழாக மாறியபோது, திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சரி, வழிக்கு வருவோம். வியூ மெனுவில் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' அழுத்திப் பாருங்கள். யூனிகோடில் எழுதி அடையாளம் தப்பாகப் போட்ட மெயிலாக இருந்தால் அதிலேயே சரியாகிவிடும். 2002 என்பதால் அநேகமாக ஆகாது. அப்போது பூச்சிகளை அப்படியே காப்பி செய்து, என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றியில் ஒட்டி, திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு என்று கொடுங்கள். வரவில்லை என்றால் டாப், பிறகு டாம். ஒரு மெயில் எதில் வருகிறதோ அதே நண்பரின் மற்ற மெயிலும் அதில்தான் வரும். மாற்றியதைத் தனியாகச் சேமியுங்கள், மூல மெயிலை அழிக்காதீர்கள். நடுவில் அங்கங்கே கட்டமும் கேள்விக்குறியும் நின்றால் அந்த எழுத்துகள் வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டன, திரும்ப வராது. வாக்கியத்தை வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

கேள்வி: பாபநாசம். எழுதி முடித்து அனுப்பும் நேரத்தில்தான் கரண்ட் போகும், நெட்டும் போகும். லேப்டாப் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எழுதியது என்ன ஆகும்?

பதில்: பிரவுசர் இல்லாமல் தண்டர்பேர்ட் வைத்திருப்பதன் லாபமே இங்கேதான். சும்மா விட்டாலும் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை டிராஃப்ட்டாகச் சேமிக்கும். நெட் இல்லாதபோது 'சென்ட்' அழுத்தாமல் கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். 'சென்ட் லேட்டர்' என்று அர்த்தம். மெயில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' கீழே உள்ள அவுட்பாக்ஸில் போய் நிற்கும். எத்தனை கணக்கிலிருந்து எழுதினாலும் எல்லாம் அங்கேதான் வரிசை கட்டும். நெட் வந்ததும் ஃபைல் மெனுவில் 'சென்ட் அன்சென்ட் மெசேஜஸ்' கொடுத்தால் ஒவ்வொன்றும் அதனதன் சர்வர் வழியாகப் போகும்.

அதைக் கொடுக்க மறந்தால் அப்படியே நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரு உரக்கடையில் நாலு ஆர்டர் மூன்று வாரம் அவுட்பாக்ஸில் இருந்தது. கம்பெனிக்காரன் சரக்கு அனுப்பவில்லை என்று கடைக்காரர் தினம் போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் அவுட்பாக்ஸ் பக்கத்தில் எண் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள்.